மனுக்காவின் ‘நான்’

என் தங்கை ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலை ஒரே பார்வையில் படித்து, அலமாரியிலிருந்து மருந்தை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. அந்தக் கடைக்குத் தூக்கம் வராத ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். எங்கள் தெருக் கோடியில் குடியிருந்தவள், புருஷன் விட்டுவிட்டுப் போனவள். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கொடுக்கக் கூடாது என்பது என் தங்கைக்கு நன்றாகத் தெரியும். “இன்னைக்கு ஒரு நாள் மட்டும் குடுடி, கண்ணை மூடி மாசக்கணக்காச்சு” என்று அவள் அழுதால் இவள் கை தானாக அலமாரிக்குப் போய்விடும். அந்த ‘ஒரு நாள்’ பல தடவை வந்தது. கொடுத்த மாத்திரைகளை அந்தப் பெண் சாப்பிடவில்லை, சேர்த்து வைத்திருக்கிறாள். ஒருநாள் எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கிவிட்டாள். காப்பாற்ற முடியவில்லை.

கடை முதலாளி தனக்கு எதுவும் தெரியாது என்றார். என் தங்கை தனக்கு எல்லாம் தெரியும் என்றாள். அவர் வீட்டுக்குப் போனார், இவள் சிறைக்குப் போனாள்.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. செம்புக் கம்பியில் ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் புகைந்துவிடும் என்பதால், எதையும் வரிசை தப்பாமல் செய்தே பழகிவிட்டது. தங்கை கதையையும் அப்படியே சொல்கிறேன். எங்காவது பெருமை அடித்துக்கொண்டிருந்தால், அண்ணன்காரன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறையில் அவளுக்கு முன்பே மனு எழுதிக் கொடுக்க ஒருத்தி இருந்தாளாம். ‘மேற்படி கைதியானவள் சமூகத்துக்குப் பணிந்து தெரிவித்துக்கொள்வது யாதெனில்’ என்று ஆரம்பித்து அவள் ஒரு பக்கம் எழுதுவாள். கையெழுத்துப் போடுகிறவளுக்கு அது தன் கதைதானா என்றே விளங்காது. என் தங்கை அந்த வேலைக்கு வந்ததும் ஒரே ஒரு மாற்றம் செய்தாள். மேற்படியை எடுத்துவிட்டு ‘நான்’ என்று எழுதினாள். ‘நான் இட்லிக்கடை வைத்துப் பிழைத்தவள்’ என்றோ ‘நான் நல்லவள்’ என்றோ அல்ல; ‘நான் அந்தக் கதவைத் திறந்தபோது அவர் ஏற்கெனவே கீழே கிடந்தார்’ என்று அந்தந்தப் பெண் சொன்ன வார்த்தையையே எழுதினாள். எழுதியதை உரக்கப் படித்தும் காட்டுவாள்.

“ஏய், நான் எங்கடி கதவைத் திறந்தேன்? அது திறந்தே கிடந்துச்சு” என்று அவர்கள் திருத்துவார்கள். திருத்தித் திருத்தி, கடைசியில் உண்மை மட்டும் மிஞ்சும். மேல் கோர்ட்டில் அந்த மனுக்களைப் படிக்கிறார்கள் என்று செய்தி வந்தது. சிலருக்குத் தண்டனை குறைந்தது. ஒருத்தி விடுதலையே ஆனாள். அன்றிலிருந்து என் தங்கை எல்லாருக்கும் ‘மனுக்கா’ ஆகிவிட்டாள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்த பிறகு சட்டம் படிக்கப் போகிறேன் என்றாள். என் மனைவி, “சட்டம் உன்னைப் படிச்சது போதாதா, நீ வேற அதைப் படிக்கணுமா?” என்றாள். சொல்லிவிட்டு, விண்ணப்பத்துக்கு ஒட்ட போட்டோ எடுக்கத் தன் புதுச் சேலையை அவளே கட்டிவிட்டாள். என் மனைவியின் சுபாவம் அப்படி. நாக்கு ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும்.

பகலில் கோர்ட் வாசலில் ஜெராக்ஸ் கடை வேலை, மாலையில் கல்லூரி என்று படித்துத் தேறினாள். தேறியவள் வக்கீலாகிவிட முடியவில்லை. வழக்கறிஞர் மன்றத்தில் ஓர் ஒழுக்கக் குழு இருக்கிறது. தண்டனை பெற்றவள் கறுப்புக் கோட்டுப் போடலாமா என்று அவர்கள் யோசித்தார்கள். யோசித்து யோசித்து ஒரு நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். ஒரு மூத்த வக்கீலின் பொறுப்பில் தொழில் பழக வேண்டும். இடையில் ஒரு புகார் வந்தாலும் கோட்டைக் கழற்றிவிடுவார்கள். கழற்றினால் மறுபடி மாட்ட வழியே கிடையாது.

பொறுப்பேற்க யாரும் வரவில்லை. நானும் அவளோடு வக்கீல்களின் அறை அறையாக ஏறி இறங்கினேன். ஒருவர் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். இன்னொருவர் தன் மேஜை இழுப்பறையைப் பூட்டிக்கொண்டு பேசினார். கடைசியில் சேர்த்துக்கொண்டவர், கோர்ட் வராந்தாவில் எல்லாரும் ‘செவிட்டு வக்கீல்’ என்று சொல்லும் மனிதர். ஏதோ காய்ச்சலில் காது போய்விட்டது. வாதாடுவதில் புலி, ஆனால் நீதிபதி கேட்பது காதில் விழாது. அவருக்கு ஒரு ஜோடி காது தேவைப்பட்டது. என் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, நீதிபதி சொல்வதைத் துண்டுத் தாளில் எழுதி நீட்டினாள். அவர் படித்துவிட்டு முழங்குவார்.

“ஜெயில்ல இருந்தவளாமே?” என்று முதல் நாள் அவளிடம் கத்தினாராம். அவருக்கு மெதுவாகப் பேச வராது. ஆமாம் என்று தலையாட்டினாள். “என் கட்சிக்காரங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க. வழி தெரிஞ்ச ஆள் நல்லது!”

அந்தத் தொழில் அவளுக்குப் பிடித்துப்போனது. பழைய பழக்கமும் விடவில்லை. வழக்குக் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்னறையில் நடந்துகொண்டே, குற்றம் சாட்டப்பட்டவர் பேசுவது போல ‘நான், நான்’ என்று சொல்லிப் பார்ப்பாள். அப்படிச் சொல்லும்போதுதான் எங்கே பொய் இருக்கிறது, எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரியும் என்பாள். என் மனைவி கதவில் சாய்ந்துகொண்டு, “நேத்து சாராயம் வித்தே. இன்னைக்கு நீ யாரு?” என்று கேட்பாள்.

“இன்னைக்கு சைக்கிள் திருடன், அண்ணி.”

“நம்ம சைக்கிள் பூட்டியிருக்கு. முன்னாலேயே சொல்லிட்டேன்.”

ஒருநாள் ‘நான் குத்தலை, அவன்தான் கத்தி மேல விழுந்தான்’ என்று அவள் உள்ளே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வாடகை வசூலிக்க வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே திரும்பிப் போய்விட்டார். சிரித்தோம். சிரிக்கிற விஷயம் அது இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

செவிட்டு வக்கீலுக்குக் குடலிறக்கம் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தது. வீட்டு வேலை செய்யும் ஒரு பெண், வேலை பார்த்த வீட்டில் சங்கிலி திருடிவிட்டாள் என்று வழக்கு. சங்கிலி காணாமல் போனதாகச் சொன்ன நாளில் அவள் அந்த வீட்டுக்கே போகவில்லை. புருஷன் ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன். இவள் சிறையில் கிடக்கிறாள். கோர்ட்டுக்கு நீண்ட விடுமுறை விடுவதற்கு முந்தைய நாள் விசாரணை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து செவிட்டு வக்கீல், “நீயே நில்லு!” என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

அவள் முதல்முறையாகத் தனியாக நிற்பதைப் பார்க்க நான் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணை வேனில் கொண்டுவந்து ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். என் தங்கையின் கோட்டுக்கு நான்தான் இஸ்திரி போட்டிருந்தேன். காலரில் ஒரு மடிப்பு விழுந்திருக்கிறதே என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, வழக்கைக் கூப்பிட்டார்கள்.

எழுந்தாள். குரல் முதலில் நடுங்கியது. பிறகு நிலைக்கு வந்தது.

“ஐயா, அன்னைக்கு நான் அந்த வீட்டுக்கே போகலை. என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். நான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்தச் சங்கிலியை நான் கண்ணால கூடப் பார்த்ததில்லை. என்னை வெளிய விட்டா நான் எங்கேயும் ஓடிட மாட்டேன்…”

எனக்கு வித்தியாசமாகவே படவில்லை. பின்னறையில் நாங்கள் தினமும் கேட்கிற பேச்சு அது. நீதிபதி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

“மேடம், யாருக்கு ஜாமீன் கேக்கறீங்க?”

அரசு வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார். “இவங்களுக்குத் தண்டனையே முடிஞ்சு வெளிய வந்தாச்சு ஐயா. பழைய ஞாபகம் போலிருக்கு.”

கோர்ட்டே சிரித்தது. போலீஸ்காரர்கள் சிரித்தார்கள், குமாஸ்தா சிரித்தார், வேறு வழக்குக்கு வந்திருந்தவர்கள் விஷயம் புரியாமலே சிரித்தார்கள். என் தங்கையின் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன. சிறையில் ஆள் எண்ணும்போது அப்படித்தான் நிற்க வேண்டுமாம். கறுப்புக் கோட்டோடு அப்படி நின்றாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீங்க தயாரா இல்லை. விடுமுறை முடிஞ்சு பார்க்கலாம்” என்றார் நீதிபதி.

அந்தப் பெண்ணை மறுபடி வேனில் ஏற்றினார்கள். வாட்ச்மேன் வராந்தாவில் என் தங்கையை மறித்தான். “உன் கதையைச் சொல்லத்தான் வந்தியா? என் பொண்டாட்டி உள்ள கிடக்கா. நீ வந்து உன் ஒப்பாரியை வச்சுட்டுப் போறே!” நான் நடுவில் போனேன். அவன் என்னைப் பிடித்துத் தள்ளினான். தள்ளட்டும் என்று விட்டுவிட்டேன், அவன் இடத்தில் நான் இருந்தால் அடித்திருப்பேன்.

சங்கிலிக்காரர் வீட்டார் மன்றத்தில் புகார் கொடுத்தார்கள். ‘இந்தப் பெண் மனதளவில் இன்னும் கைதியாகவே இருக்கிறாள், கோர்ட்டில் வாதாடத் தகுதியில்லை’ என்பது புகார். ஒழுக்கக் குழு விசாரணைக்குக் கூப்பிட்டது. கோட்டு இருக்குமா, போகுமா என்பதை அங்கே முடிவு செய்வார்கள்.

அந்த விடுமுறை நகரவே இல்லை. அவள் அழுதிருந்தால் தேற்றியிருக்கலாம். அழவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்காருவாள், எழுந்துவிடுவாள். சிறைக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்க்கக் கேட்டாள். அந்தப் பெண் வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள். மறுபடி போனாள். மறுபடி அதே பதில். தன் கோட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. “ஒருத்திக்கு மாத்திரையைக் கொடுத்துக் கொன்னேன். இப்ப இன்னொருத்தியை வாயாலயே உள்ள வச்சுட்டேன், அண்ணா” என்றாள். நான் பட்டறைக்குப் போய்விட்டேன். அன்று கட்டிய காயில் அத்தனையும் கோணல். பிரித்து மறுபடி கட்டினேன்.

என் மனைவி மட்டும் விடவில்லை. “செத்தவளுக்கு நீ என்ன பண்ணியும் பிரயோஜனமில்லை. உள்ள இருக்கிறவ உயிரோட இருக்கா. அவளுக்கு ஏதாவது பண்ணு. இல்லாட்டி என் சமையலையாவது சாப்பிடு. ரெண்டுல ஒண்ணு.” அன்று இரண்டு வாய் சாப்பிட்டாள்.

ஒழுக்கக் குழுவில் மூன்று பேர். தலைவியாக இருந்த அம்மாளின் கண்ணாடி சங்கிலியில் கழுத்தில் தொங்கியது. மற்ற இருவரும் ஆண்கள். குடும்பத்தில் ஒருவர் உத்தரவாதம் சொல்ல வேண்டும் என்று என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். குளிர்சாதனம் போட்ட அறை. எனக்கு வேர்த்தது.

“உங்க தங்கச்சி இனிமே தப்புப் பண்ண மாட்டாங்கன்னு நீங்க எதை வச்சுச் சொல்றீங்க?” என்று ஓர் ஆண் உறுப்பினர் கேட்டார்.

நான் வீட்டிலேயே ஒரு பதில் யோசித்து வைத்திருந்தேன். நல்ல பதில் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். “அவளுக்கு இரக்கம் வந்தா கை நீண்டுடுங்க. அன்னைக்குக் கையில மாத்திரை இருந்துச்சு. இப்ப சட்டம்தானே இருக்கு. அதை எவ்வளவு அள்ளிக் குடுத்தாலும் யாரும் சாக மாட்டாங்க.”

அவர் சிரிக்கவில்லை. “சட்டத்தைத் தப்பாக் குடுத்தாலும் சாவாங்க. நாங்க பார்த்திருக்கோம்” என்றார்.

என் தங்கைக்கு நல்லது செய்யப் போய் அவளைப் பள்ளத்தில் தள்ளிவிட்டோமோ என்று அவள் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

தலைவி அவளைப் பார்த்துக் கேட்டார். “ஒரே ஒரு கேள்விதான்மா. நீங்க இன்னும் உங்களைக் கைதின்னுதான் நினைக்கிறீங்களா?”

இல்லை என்று சொல்லிவிடு என்று நான் மனத்துக்குள் கத்தினேன். அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது. எந்த மடையனுக்கும் அது தெரியும்.

“ஆமாங்க” என்றாள்.

ஓர் உறுப்பினர் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நான் நினைத்தேன்.

“அந்த அம்மா செத்தது என்னாலதான். அதுக்கு இவ்வளவு தண்டனை போதும்னு கோர்ட் சொல்லுச்சு. எனக்குப் போதும்னு தோணினதே இல்லை. அது என்னோட இருக்கும். ஆனா அன்னைக்குக் கோர்ட்ல வந்தது அது இல்லைங்க. ஜெயில்ல நான் மனு எழுதினப்ப ‘நான்’னுதான் எழுதுவேன். அப்படி எழுதினாத்தான் அவங்க சொன்னது பிசகாம வரும். வீட்டுலயும் அப்படித்தான் பழகுவேன். கோர்ட்டுக்குள்ள நுழையறப்ப மாத்திக்குவேன். அன்னைக்குத் தனியா நின்ன பயத்துல மாத்த மறந்துட்டேன். அது பழக்கம். பழக்கத்தைத் திருத்திக்கலாம்.” தலைவியை நேராகப் பார்த்தாள். “நீங்க என்ன வேணா முடிவு பண்ணுங்க. அந்த அக்காவுக்கு விடுமுறை முடிஞ்ச மறுநாள் விசாரணை. யாராவது ஒருத்தர் அவங்களுக்காக நிக்கணும். அதுக்கு மட்டும் ஏற்பாடு பண்ணிடுங்க.”

எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். பிறகு குமாஸ்தா வந்து உத்தரவைப் படித்தார். கோட்டு இருக்கலாம். ஆனால் மறு உத்தரவு வரும் வரை அவள் கோர்ட்டில் தனியாக வாதாடக் கூடாது. பொறுப்பேற்ற மூத்த வக்கீல் உடன் நிற்க வேண்டும்.

பொறுப்பேற்றவரோ, சர்க்கரை குறையட்டும் என்று தள்ளிப்போட்ட ஆபரேஷன் இப்போதுதான் முடிந்து, வயிற்றில் தையலோடு படுத்திருக்கிறார். வேறு ஒருவர் பொறுப்பை மாற்றிக்கொள்ளலாமா என்று மறுபடியும் அறை அறையாக ஏறினோம். இந்த முறை டீ கூடக் கிடைக்கவில்லை. விடுமுறை முடிந்தது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போய் விஷயத்தை ஒரு தாளில் எழுதி நீட்டினாள். செவிட்டு வக்கீல் படித்தார். திருப்பி ஒரு தடவை படித்தார்.

“உடன் நிக்கணும்னுதானே போட்டிருக்கு? பேசணும்னு போடலையே?”

இல்லை என்று தலையாட்டினாள்.

“அப்ப என்ன? நான் நிக்கிறேன்!” நர்ஸ் ஓடிவந்து, சத்தம் போட்டால் தையல் பிரிந்துவிடும் என்று அவரைத் திட்டினாள். அது அவர் காதில் விழவில்லை.

மறுநாள் அவரை என் பட்டறை வேனில் மோட்டார்களுக்கு நடுவே உட்காரவைத்துக் கூட்டிப்போனோம். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்க்க அவர் நின்றார். அங்கே பேசியதில் ஒரு சொல் அவருக்குக் கேட்டிருக்காது. என் தங்கை பேசினாள். ஈரத் தரையில் கால் வைப்பதைப் போல ஒவ்வொரு வாக்கியத்தையும் நிதானமாக வைத்தாள். “இவர் அன்று அந்த வீட்டுக்குப் போகவில்லை. இவருடைய கணவருக்குக் காய்ச்சல். இதோ ஆஸ்பத்திரிச் சீட்டு.” எழுத்துத் தமிழில் பேசினாள். சுகமாக இல்லை, விறைப்பாக இருந்தது. அரசு வக்கீல் எழுந்து ஏதோ ஆட்சேபம் சொன்னார். இவள் பதில் சொன்னாள். அவர் மறுபடி எழுந்தார், இவள் மறுபடி சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. ஜாமீன் கிடைத்தது.

மாலையில் சிறை வாசலில் நானும் அவளும் வாட்ச்மேனும் நின்றோம். அவன் எங்களை விட்டுத் தள்ளி நின்றான். சின்னக் கதவு திறந்தது. ஒரு துணிப்பையோடு அந்தப் பெண் வந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். புருஷனைப் பார்த்தாள், பிறகு என் தங்கையைப் பார்த்தாள்.

“முடிஞ்சுதா?” என்று கேட்டாள்.

“இல்லக்கா. வெளிய விட்டிருக்காங்க, அவ்வளவுதான். கேஸ் அப்படியே இருக்கு.”

“அப்ப திருப்பி உள்ள போடுவாங்களா?”

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லேன் என்று நான் என் தங்கையின் முழங்கையை இடித்தேன்.

“போடலாம்க்கா. தீர்ப்பு எப்படி வரும்னு இப்ப சொல்ல முடியாது.”

அந்தப் பெண் நின்ற இடத்திலேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். பையை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வாட்ச்மேன் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தான். என் தங்கை கோட்டோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை, சமாதானம் சொல்லவில்லை. போகிற வருகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். வெகுநேரம் கழித்து அந்தப் பெண் மூக்கைச் சிந்திவிட்டு, “அடுத்த தேதி எப்ப?” என்று கேட்டாள்.

என் தங்கை தேதியைச் சொன்னாள்.

“நீ வருவியா?”

“உடன் நிக்கிறதுக்கு ஆள் கிடைச்சா வருவேன். கிடைக்காட்டி, கிடைக்கிற வரைக்கும் தேடுவேன்.”

அந்தப் பெண் பையை இவளிடம் கொடுத்துவிட்டு, தரையில் கை ஊன்றி எழுந்தாள். நான் வேனை எடுக்கப் போனேன்.